சாமி மறுக்காத மதியம்

தேயிலைத் தோட்டத்தில் ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படிக்கும் சத்தத்தில் விடியுமுன்னே கண்விழித்துப் பழகிய என் வயதுக்காரர்களே, இது உங்களுக்குத்தான். உங்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் நம் பிள்ளைகளும் வாசிக்கக்கூடும் என்பதால் சில இடங்களில் விரித்துச் சொல்லியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை எழுத வைத்தது என் மருமகள். பதுளை பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். கடை முதலாளி நல்ல மனிதர், தொழுகை தவறாதவர். போன மாதம் அவளைக் கூப்பிட்டு, "புள்ள, கடை பூட்டுற வரைக்கும் நின்டா சம்பளத்தைக் கூட்டித் தாரன்" என்றிருக்கிறார். இவள், "வேணாம் முதலாளி, நான் அந்தி பஸ்ஸுக்குப் போயிடணும்" என்று சொல்லிவிட்டாள். அவளோடு ஒன்றாய்ச் சேர்ந்த இன்னொரு பெண் சம்மதித்து நின்றுவிட்டாள். என் மகனுக்குப் பொறுக்கவில்லை. சோற்றில் கைவைத்தபடியே கேட்டான்: "ஒரே கடை, ஒரே வேலை. அவ கூட வாங்குறா, நீ கொறைய வாங்குற. என்னா ஞாயம் இது?"

மருமகள் அவனுக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இதே கேள்வியை ஒரு தோட்டமே என் அம்மாவைப் பார்த்துக் கேட்டிருக்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும். நமுனுகுல மலையின் அடிவயிற்றில் எங்கள் தோட்டம். கச்சான் காற்று ஓய்ந்து, முதல் மழைக்கு மலை காத்துக் கிடக்கும் காலம். எங்கள் அப்பா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடி வயது ஏறி உயர்ந்து போனால் அதை இடுப்புக்குக் கீழே வெட்டி இறக்குவார்களே, அந்த வேலை. அப்பாவின் கத்தி வாத்தின் கழுத்து மாதிரி வளைந்திருக்கும். பிடிக்கு மாட்டுத்தோல் சுற்றியிருப்பார். வேலை முடிந்து வந்ததும் கல்லில் தீட்டி, எண்ணெய் தடவி, சாமி படத்துக்குக் கீழே வைப்பார். நாங்கள் யாரும் அதைத் தாண்டிப் போனதில்லை. வெட்டின பச்சைக் கட்டையின் வாசம் அந்தக் கத்தியில் எப்போதும் இருக்கும். கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் மழை. அந்த வாசத்தை இப்போது எங்கே தேடுவேன்.

அம்மா கொழுந்து பறிப்பவர். காலையில் அப்பாவும் அம்மாவும் வேலை பிரிக்கும் ஒரே பெரட்டில்தான் நிற்பார்கள், ஒரே குளிரில்தான் நடுங்குவார்கள். அங்கிருந்து ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். ஒருநாள் வேலைக்குச் சம்பளக் கணக்கில் ஒரு பேர் விழும். வேலை குறைந்தால் அரைப்பேர். அந்தக் காலத்தில் ஆணின் பேருக்கு ஒரு சம்பளம், பெண்ணின் பேருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். பிறகுதான் சமமாக்கினார்கள். ஆனால் அம்மா அதைவிடப் பெரிய வித்தியாசம் வேறொன்று என்பார். கவ்வாத்துக்காரருக்கு இத்தனை செடி என்று கணக்கு. வெட்டி முடித்தால் அவர் பாட்டுக்குப் போகலாம். நடுப்பகலில் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் இறங்கிவிடுவார்கள். பெண்கள் பேருக்குரிய கொழுந்தைப் பறித்து முடித்தாலும் அந்தி எடை வரைக்கும் மலையில்தான் நிற்கவேண்டும். கூடப் பறித்தால் கைக்காசு கிடைக்கும். வீட்டுக்குப் போகக் கிடைக்காது.

அந்த மதியத்தில்தான் அப்பா ஆற்றோரத்தில் மரக்கறித் தோட்டம் போட்டிருந்தார். தேயிலைக்கு உதவாதென்று விட்ட கல்லுமேடு அது. கல்லைப் பெயர்த்து, மண் சுமந்து, நாலு பாத்தி ஆக்கினார். போஞ்சிக்காய், இலை உருண்ட கோவா, கொஞ்சம் கிழங்கு. எங்கள் தீபாவளிச் சட்டையும் என் பள்ளிக்கூடச் சப்பாத்தும் அங்கேதான் விளைந்தன. அந்த மாதிரித் துண்டு நிலங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. முதல் மழைக்கு விதை இறக்காமல் சும்மா போட்டால், கணக்கப்பிள்ளை அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். அந்தப் பாத்தியில் கண் வைத்தவர்களும் இருந்தார்கள். அதில் ஒருவர் கணக்கப்பிள்ளையின் மச்சான்.

அந்த வருஷம் கவ்வாத்து தொடங்கச் சில நாள் இருக்கும்போது, நிழல்மரத்தில் ஏறிக் கிளை இறக்கின அப்பா கிளையோடு விழுந்தார். கால் முறிந்தது. லொறியில் போட்டு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது தொடையிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. எனக்கு அது வெள்ளைச் சுவர் மாதிரி தெரிந்தது. கரித்துண்டால் அதில் ஒரு மயில் வரைந்தேன். அப்பா திட்டவில்லை. "வாலு சின்னதா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

கால் தேற மாதக்கணக்காகும் என்றார்கள். அப்பாவுக்குப் பேர் இல்லை. அம்மா ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்றாலும் அடுப்பு நிற்கும். அம்மா மலைக்குப் போனால் பாத்தி தரிசாகும். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நம்பி அவ்வளவு மண்ணைக் கிளற முடியாது. வானம் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்காக எல்லோரும் கும்பிடும்போது, மழையே கொஞ்சம் பிந்தி வா என்று கும்பிட்டது எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

ஒருநாள் அந்தியில் ரொட்டி சுட்டுக்கொண்டே அம்மா சொன்னார்: "நாளைக்குப் பெரட்டுல கவ்வாத்துக்குப் பேர் குடுக்கப்போறேன்."

அப்பா தலையைத் தூக்கினார். "யாருக்கு?"

"எனக்குத்தான்."

"என் கத்தியக் கேக்குறியா?"

"உங்க கத்தியத்தான். ஊரான் கத்தியவா கேப்பேன்? நீங்க வெட்டுற செடியில பாதிய வெட்டத் தெரியாதா எனக்கு? வெட்டிட்டு மதியத்துல பாத்திக்குப் போயிடுவேன்."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஊரு சிரிச்சா போஞ்சி மொளைக்காமப் போயிடுமா?"

"அந்தக் கத்தியப் பொம்பள தொட்டா நான் செத்ததுக்குச் சமம்."

"நீங்க சாக வேணாம். காலை ஆட்டாமப் படுங்க, அது போதும்."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ரொட்டி வேண்டாமென்றார். தன்னை உட்காரவைத்துத் தன் வேலையைப் பிடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அம்மா கேட்டது வேலையை அல்ல, அந்த வேலைக்குப் பின்னால் கிடைக்கும் பகலை. அது அவருக்கு அப்போது புரியவில்லை. நோவிலே கிடக்கும் ஆணுக்கு எதைச் சொன்னாலும் குத்துகிற மாதிரித்தான் இருக்கும்.

கவ்வாத்துக் கூட்டத்துக்குக் கங்காணி என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். அவரும் ஆகாது என்றார். காரணம் வேறு. கவ்வாத்துச் சாமி. வெட்டு மலையின் நடுவில், சவுக்கு மரத்தடியில், ஒரு நெட்டைக் கல் சாமி. கவ்வாத்து தொடங்கும் நாளில் எல்லாக் கத்தியையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கல்லுக்கு முன்னால் வரிசையாக அடுக்கி, சேவல் அறுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் செடியைத் தொடுவார்கள். அந்தப் பூசைச் சோறு மலையிலேயே தீர்ந்துவிட வேண்டும், நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வராது. மழைத்தண்ணீர் ஓட வெட்டின கான் ஒன்று அங்கே குறுக்கே ஓடும். பெண்கள் அந்தக் கானைத் தாண்டமாட்டார்கள். வயசுக்கு வராத பிள்ளைகள் தாண்டலாம்.

"தாயி, ஒன் கஷ்டம் எனக்குத் தெரியும்" என்றார் பெரியப்பா. "ஆனா கத்தி சாமியோடது. நான் யாரு ஆமான்னு சொல்ல, இல்லன்னு சொல்ல?"

"அப்ப அவரையே கேப்போம் மாமா. பூப் போட்டுப் பாருங்க."

பூசையன்று அம்மா தலைமுழுகி, ஈரத்தலையோடு கானுக்கு இந்தப் பக்கம் நின்றார். பெரியப்பா இரண்டு வாழையிலைத் துண்டில் ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் செம்பரத்தம்பூ வைத்து, மடித்துக் கட்டிக் கல்லின் முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. ஒன்றை எடுக்க என்னைக் கூப்பிட்டார். கானைத் தாண்டிப் போனேன். சேவல் ரத்தமும் சாம்பிராணியும் ஈரமண்ணும் கலந்த வாசம். வரிசையாய்க் கிடந்த கத்திகளில் அப்பாவின் கத்தியும் இருந்தது. அவர் வராவிட்டாலும் கத்தி வரவேண்டும் என்பது முறை. கண்ணை மூடிக்கொண்டு, சாமி, எங்கம்மா கேட்டதைக் குடு, என்று சொல்லி ஒன்றை எடுத்தேன்.

செம்பரத்தம்பூ.

நான் அழ ஆரம்பித்தேன். கானுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, "உத்தரவு சாமி" என்றார். முகம் வாடவில்லை. என்னைக் கூப்பிட்டு, என் கையிலிருந்த அந்தப் பூவை வாங்கித் தன் கொண்டையில் வைத்துக்கொண்டார். இல்லை என்று சொன்ன பூவை எதற்கு வைத்துக்கொள்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

லயத்துத் தண்ணீர்ப் பீலிக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் கேட்டார்: "பாப்பா, நாம சாமிகிட்ட என்னா கேட்டோம்?"

"கத்தி."

"கத்திதான? மதியத்தக் கேக்கலையே?"

"கேக்கல."

"கேக்காதத அவரு எப்படி இல்லன்னு சொல்லியிருப்பாரு?" என்று சொல்லிவிட்டு, குதிகாலைக் கல்லில் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் சிவந்த மண்ணாக ஓடித் தெளிந்தது.

மறுநாள் பெரட்டுக்கு அம்மா கூடையோடுதான் போனார். பள்ளிக்கூடத்துக்கு நேரம் இருந்ததால் நானும் பின்னாலேயே போயிருந்தேன். கணக்கப்பிள்ளை முன்னால் போய் நின்று, "ஐயா, எனக்குக் கவ்வாத்து வேணாங்க" என்றார்.

"சாமியே சொல்லிட்டாரே, பொறகு என்ன" என்று கணக்கப்பிள்ளை சிரித்தார்.

"கொழுந்துலயே நிக்கிறேன். ஆனா கவ்வாத்துக்காரவுக மாதிரி எனக்கும் கணக்குல வேலை குடுங்க. பேருக்குள்ள கொழுந்த மதிய எடைக்குள்ள போட்டுட்டா, நான் போயிடுவேன்."

"கைக்காசு?"

"வேணாங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. காசு வேண்டாம் என்று பெரட்டில் ஒரு சொல் அதுவரைக்கும் விழுந்ததில்லை. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. துரைக்குத் தமிழ் தெரியும், அவருடைய தமிழ்.

"என்னா சொல்றது இந்தப் பொம்பள? சல்லி கூட வேணுமா?"

"சல்லி வேணாங்க தொரை. மதியம் வேணும்."

துரைக்கு விளங்கவில்லை. "நீ நல்ல கை. நான் கைக்காசு கூடப் போடச் சொல்றது. அந்தி வரைக்கும் நில்லு."

"நீங்க எவ்வளவு கூட்டினாலும் எனக்கு மதியந்தாங்க வேணும்."

துரை அம்மாவை ஒருமாதிரிப் பார்த்தார். கூலியைக் கூட்டினால் வேலைக்கு ஓடிவருவார்கள் என்றுதான் அவருக்குத் தெரியும். கூட்டியும் வராத ஆளை அவர் சோம்பேறி என்றே முடிவு கட்டினார். பிறகு மாற்றலாகிப் போகும்வரைக்கும் கணக்கப்பிள்ளையிடம், "அந்தப் பொம்பள நல்ல கை, ஆனா சோம்பேறி" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மலையில் பாதி நாள், மண்ணில் பாதி நாள், இருட்டில் அடுப்பு என்று நின்ற என் அம்மாவைப் பார்த்து. எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது உழைத்துக் களைத்து வந்து உட்கார்ந்தால், "வந்துட்டாய்யா சோம்பேறி" என்றுதான் சொல்வோம்.

ஆனாலும் துரை ஒரு வழி விட்டார். மதிய எடையில் முழுக்கணக்கு இருந்தால் போகலாம். ஒரு றாத்தல் குறைந்தாலும் அந்தி வரைக்கும் நிற்கவேண்டும், பேரும் அரைப்பேர்தான். அம்மா சரி என்றார். லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா அத்தை அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "ஏன்டி, கைக்கு வந்த முழுப்பேரக் கொண்டுபோய் கங்குல போடுற?"

முதல் நாளே அரைப்பேர் விழுந்தது. கணக்கப்பிள்ளை அம்மாவுக்கு மேல்மலையில் நிரை கொடுத்திருந்தார். செடிக்குச் செடி தாவிப் பறித்தும் கூடை நிறையவில்லை. மதிய எடையில் தராசு முள் ஏறவே இல்லையாம். அத்தை தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளிப் போடப் பார்த்திருக்கிறார். அம்மா விடவில்லை. "சாமிகிட்டக் கேக்காம நானா எடுத்துக்கிட்ட மதியம் இது. இதுல கலப்படம் இருக்கக் கூடாது" என்றாராம்.

அந்தியில் அம்மா வந்து, மூடுபனியில் நனைந்த படங்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தச் சாக்குப் படங்கு ஈரத்தில் கனத்துக் கிடந்தது. அரைப்பேர் விழுந்த கதையை அத்தை வாசலில் நின்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

பூசைக்குப் பிறகு அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசாத அப்பா, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "எந்த மலை?"

"மேல்மலை."

"அது போன வருசம் வெட்டுனது. அதுல கொழுந்து எங்க இருக்கும்? ஒன் கை என்னா செய்யும், செடியில இருந்தால்ல கைக்கு வரும்." பிறகு முழங்கையை ஊன்றி இந்தப் பக்கம் திரும்பினார். "ஆத்துமலைக்குப் போ. கடைசி நெர கேளு. அது அதுக்கு முந்துன வருசம் நான் வெட்டுனது. மேச மாதிரி மட்டமா வெட்டி வச்சிருக்கேன். இப்ப கொழுந்து தள்ளிக்கிட்டு நிக்கும்."

"அங்க கால்ல ஏறுற அட்டைல்ல கெடக்கு."

"அட்டை இருக்கிறதாலதான் கொழுந்து இருக்கு. எவ போறா அங்க? எடை போடுற எடத்துக்கும் தூரம். கேட்டா கணக்கப்புள்ள சந்தோசமாக் குடுப்பான்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அடுப்பை மூட்டினார். அன்றைக்கு அப்பா மூன்று ரொட்டி தின்றார்.

அப்பா சொன்ன மாதிரியே கணக்கப்பிள்ளை ஆற்றுமலையைச் சந்தோசமாகக் கொடுத்தார். அம்மா கணுக்காலுக்குச் சவர்க்காரமும் உப்பும் தேய்த்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் ஒன்றும் ஏறவில்லை. பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்தால் எடை போடும் மடுவமும் மலையிலிருந்து இறங்கும் பாதையும் தெரியும். விட்டதும் புத்தகத்தைக்கூட எடுக்காமல் ஓடி மடுவத்துக்குப் போனேன்.

கவ்வாத்துக்காரர்கள் வேலையை முடித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா முன்னால். மடுவத்தில் அம்மாவைக் கண்டதும் அவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அம்மாவின் கூடையில் கொழுந்து கோபுரமாய் நின்றது. கணக்கப்பிள்ளை அதைச் சாக்கில் கொட்டித் தராசில் மாட்டினார். முள் ஏறியது. அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார்.

"எத்தனை தரம்யா குனிவீங்க? கொழுந்து கூச்சப்படப்போவுது" என்றார் பெரியப்பா. கத்திக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"முழுப்பேர்" என்றார் கணக்கப்பிள்ளை.

அம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு பாதையில் இறங்கினார். முன்னாலும் பின்னாலும் தோளில் கத்தியோடு ஆண்கள். நடுவில் வெறும் கூடையோடு என் அம்மா. காலில் அட்டை கடித்த இடமெல்லாம் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. அந்தப் பாதையில் நடுப்பகலில் பெண் ஒருத்தி வேலை முடித்து இறங்கியதை அதற்கு முன் நான் கண்டதில்லை. கோயில் தேர் வரும்போது நெஞ்சுக்குள் ஒன்று எழும்புமே, அப்படித்தான் எனக்கு இருந்தது.

அதன் பிறகு பெரும்பாலான நாட்களில் அம்மா மதியத்தில் இறங்கினார். ஒன்றிரண்டு நாள் தவறியது, அரைப்பேரும் விழுந்தது, அதற்கு அழவில்லை. கணக்கப்பிள்ளைக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. எல்லாப் பெண்களும் இப்படிக் கிளம்பிவிட்டால் அந்திக் கொழுந்துக்கு எங்கே போவதென்று. ஒருநாள் பெரட்டில், "வேற யாருக்கெல்லாம் மதியம் வேணும்? இப்பவே சொல்லுங்க" என்று கேட்டார்.

இரண்டு மூன்று பேர்தான் கை தூக்கினார்கள். பக்கத்துக் காம்பரா அத்தை, "எனக்கு வேணாங்க ஐயா" என்றார். "மதியத்துல வீட்டுக்குப் போனா மாமியா மூஞ்சிலல்ல முழிக்கணும். நீங்க லாம்பு புடிச்சா நான் ராவெல்லாம் பறிப்பேன்." தோடு வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்த குமரிகள் கைக்காசை விடமாட்டோம் என்றார்கள். வயதான ஒரு அம்மா, "எனக்கு அந்திக்கே கணக்கு நெறையிறதில்ல, மதியத்த வச்சு நான் என்னா செய்ய" என்றார்.

நான் அதிகம் படிக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பெரட்டில் நின்று தெரிந்துகொண்டது இன்றைக்கும் போதுமானதாக இருக்கிறது. ஒரே கூடை, ஒரே மலை என்றாலும் சம்பளம் ஒன்றாய் வருவதில்லை. சிலருக்குக் கை வேகம், சிலருக்கு வயசு, சிலருக்குக் கணக்கப்பிள்ளை கொடுத்த நிரை. பெண்ணாய்ப் பிறந்ததற்கே குறைத்துக் கொடுத்த காலமும் இருந்தது, அது அநியாயம், அதை அநியாயம் என்றே சொல்லவேண்டும். இன்னும் சிலருக்கு, வீட்டில் எது காத்திருக்கிறதோ அதற்குத் தக்கதாகத்தான் சம்பளம். அம்மா குறைய வாங்கியது தெரிந்தே வாங்கியது.

முதல் மழை வந்தபோது நாலு பாத்தியிலும் விதை இறங்கியிருந்தது. கணக்கப்பிள்ளையின் மச்சான் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கவ்வாத்து முடியும் நாளில் மறுபடியும் சாமிக்குப் பூசை. அம்மா பாத்தியின் முதல் போஞ்சியை ஒரு சுளகில் பரப்பி, நடுவில் ஒரு செம்பரத்தம்பூ வைத்து, என் கையில் கொடுத்தார். தான் கானுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டார். நான் தாண்டிப் போய்ப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். கத்திகளுக்குப் பக்கத்தில் எங்கள் போஞ்சியை வைத்தார். சூடம் காட்டினார். எல்லோரும் கும்பிட்டார்கள்.

பிறகு பெரியப்பா ஒரு வாழையிலையில் பூசைச் சோற்றை அள்ளி வைத்தார். இலையை எடுத்துக்கொண்டு கானுக்கு வந்தார். மற்ற ஆண்கள் விலகி வழி விட்டார்கள். அதுவரை கானைத் தாண்டாத சோற்றை, கானுக்கு மேலாகக் கை நீட்டி அம்மாவிடம் கொடுத்தார்.

"நாளைக்கும் மதியந்தானே தாயி?"

"மதியந்தான் மாமா."

அம்மா முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டார். பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுத்தார். மாவுக்கட்டு வெட்டின புதிது. என் மயிலும் அதோடு போய்விட்டது. அப்பா சோற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றார். கூட வைத்த போஞ்சிக்கறியை ஒரு வாய் மென்றுவிட்டு, "போஞ்சி கொஞ்சம் முத்திப்போச்சு. முந்தாநாளே பறிச்சிருக்கணும்" என்றார். அப்பா வாயிலிருந்து வந்த புகழ்ச்சிகளில் அதுதான் பெரியது என்று அம்மா கடைசி வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அப்பாவின் கால் நேராகவில்லை. பிறகு அவருக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது. கத்தி பெரியப்பா மகனுக்குப் போய், அங்கிருந்து எங்கேயோ போய்விட்டது. பாத்தி மட்டும் கைவிட்டுப் போகவில்லை. நான் கல்யாணம் முடித்துப் போகும்வரைக்கும் அம்மாவின் மதியம் அங்கேதான் கழிந்தது.

இதையெல்லாம் அன்றைக்குச் சோற்று வேளையில் மகனுக்குச் சொன்னேன். அவன், "அது சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். கோபம் முழுக்கத் தீரவில்லை. தீரும்.

எங்கள் வாசலில் ஒரு செம்பரத்தை நிற்கிறது. அந்தித் தீபத்துக்கு எத்தனை பூ இருந்தாலும் எங்கள் வீட்டில் செம்பரத்தைதான் முதலில். மருமகள் பஸ்ஸை விட்டு இறங்கி, முகம் கழுவி, வெளிச்சம் இருக்கும்போதே அதைப் பறித்து வருகிறாள். அவளுடைய சின்ன மகள் சாமி படத்துக்கு எட்டாமல் நுனிக்காலில் நிற்கிறாள். இவள் தூக்கிப் பிடிக்கிறாள், குழந்தை வைக்கிறது. பிறகுதான் நான் விளக்கை ஏற்றுகிறேன்.